தரைக்கு வந்த சரவிளக்கு

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்க வந்ததாகத்தான் சொல்வார்கள். கடலை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? மறுநாளே சலித்துப்போய், இங்கே வேறு என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்டும் பேருந்து ஓடுகிறது. காலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறையின் மேல் நிற்கிற கோடை அரண்மனை. மதியம், குன்றின் உச்சியில் நீதிபதி மாளிகை. சாயங்காலம், கடைசியாக, எங்கள் வீடு.

எங்கள் வீடு என்பது அம்மாவின் வாயில் வருகிற பேச்சு. உண்மையில் அதைக் கட்டியது ஒரு கப்பல் முதலாளி. முகப்பைக் கப்பலின் மூக்குப் போல வளைத்துக் கட்டியதால் ஊரில் அதற்குக் கப்பல் வீடு என்று பெயர். வாரிசு இல்லாமல் அறக்கட்டளையின் கைக்குப் போய், பிறகு பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அம்மாதான் வீட்டுக் காப்பாளர். சித்தியும் நானும் துப்புரவு. மாமா மரவேலை, குழாய், ஓட்டை, உடைசல் எல்லாம். நாங்கள் நான்கு பேரும் சமையலறைக்கு மேலேயுள்ள அறைகளில் குடியிருந்தோம்.

கடைசி வீடாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் வாசலில் இறங்குகிறவர்கள் ஏற்கெனவே இரண்டு மாளிகைகளைப் பார்த்துக் கண்ணும் காலும் ஓய்ந்து போயிருப்பார்கள். கப்பல் முதலாளி தூரதேசத்திலிருந்து வரவழைத்த பளிங்குத் தரையில் நின்றுகொண்டு, முதல் கேள்வியாகக் கழிப்பறை எங்கே என்பார்கள். இரண்டாவது கேள்வி, உட்கார இடம் உண்டா என்பது. உண்டுதான். ஆனால் எல்லா நாற்காலிக்கும் குறுக்கே பட்டுக்கயிறு கட்டியிருக்கும்.

மேலாளர்தான் சுற்றிக் காட்டுகிறவரும். அவருக்குச் சித்தி வைத்த பெயர் வானொலி. எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே குரலில் பேசிக்கொண்டே போவார்.

எங்களை மட்டும் எந்தப் பார்வையாளரும் பார்த்ததில்லை. அது கப்பல் முதலாளி காலத்துச் சட்டம். வேலை செய்கிறவர்கள் கண்ணில் படாமலிருக்க, அறைகளுக்கு நடுவே சுவருக்குள்ளேயே சந்து விட்டுக் கட்டியிருக்கிறார். சந்தின் கதவுகளுக்கும் சுவருக்கும் ஒரே வர்ணம், ஒரே பூவேலை. மூடிவிட்டால் அங்கே கதவு இருப்பதே தெரியாது. சாலை வளைவில் பேருந்து ஹாரன் அடித்ததும் வாளி, துடைப்பம், ஏணி, நாங்கள், எல்லாம் சுவருக்குள் மறைந்துவிட வேண்டும்.

“இத்தனை வருஷத்துல ஒரு ஈரத்துணியைக்கூட ஒருத்தரும் பாத்ததில்ல” என்று அம்மா சொல்லும்போது பதக்கம் வாங்கியவள் மாதிரி இருக்கும்.

“நம்மளப் பத்திப் பேய்க்கதை கட்டாம இருந்தாச் சரி” என்பாள் சித்தி.

அந்த வருடம் பேருந்து நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒரே நாளில் மூன்று மாளிகை அதிகம், ஒன்றைக் கழித்துவிடலாம் என்று வந்த சில நாட்களிலேயே சொல்லிவிட்டார். எதைக் கழிப்பார்கள் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பயணிகளோடு பயணியாக ஒருநாள் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாராம். பேருந்து நின்றால் வாசற்கதவு மூடும். வாசற்கதவு மூடினால் ஒரு காவலாளியும் ஒரு பூட்டும் போதும். எங்களுக்கு அங்கே வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

மேலாளர் இதைச் சமையலறைக்கு வந்து சொன்னார். அவர் சமையலறைக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை.

“வர்ற வியாழக்கிழமைம்மா. வீடு பளபளன்னு இருக்கணும்” என்றார்.

“என்னைக்கு சார் பளபளன்னு இல்ல?” என்றாள் அம்மா.

வியாழனுக்கு முன்பு புயல்காற்று அடித்தது. நடனக்கூடத்தின் கடல்பக்கத்து ஜன்னல் ஒன்று இரவோடு இரவாகப் பிய்த்துக்கொண்டு, உப்புக்காற்று நேராக உள்ளே வந்துவிட்டது. மாமா பலகை அடித்து அடைத்தார். தரையைத் துடைத்தோம். கண்ணாடிகளைத் துடைத்தோம். ஆனால் கூடத்தின் நடுவில் தொங்கும் சரவிளக்கு மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்துவிட்டது. அந்த வீட்டின் அழகே அந்த விளக்குதான். மற்ற இரண்டு மாளிகைகளிலும் அவ்வளவு பெரிய சரவிளக்கு கிடையாது. இப்போது அது குளிர் நாளில் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது.

“இறக்கிடலாம்” என்றாள் அம்மா.

வியாழக்கிழமை விடியலிலேயே இறக்கினோம். விளக்கின் சங்கிலி கூரையிலுள்ள ஓட்டை வழியாகப் பரணுக்குப் போகிறது. அங்கே ஓர் இரும்பு உருளை. அதன் கைப்பிடியை மாமா சுற்றச் சுற்ற, விளக்கு அங்குலம் அங்குலமாக இறங்கி எங்கள் முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. மேலே இருக்கும்போது மேகம் போலத் தெரிவது, கிட்டத்தில் வந்தால் ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். அம்மா எப்போதும் செய்கிற மாதிரி தரையில் பெரிய படுக்கை விரிப்பை விரித்தாள். விளக்கிலிருந்து கழற்றும் ஒவ்வொரு கண்ணாடித் தொங்கலையும், அது விளக்கில் இருந்த அதே இடத்தில் விரிப்பில் வைக்க வேண்டும். வெளிவட்டத்தில் இருந்தது வெளிவட்டத்தில், உள்ளே இருந்தது உள்ளே. இலை மாதிரி சில, கண்ணீர்த்துளி மாதிரி சில, நட்சத்திரம் மாதிரி சில. முடிக்கும்போது விளக்கே தரையில் படுத்திருப்பது போல இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்து, அந்த வரிசைப்படியே திருப்பி மாட்டுவோம். வரிசை எங்கள் யார் மண்டையிலும் கிடையாது. விரிப்பில்தான் இருந்தது.

பேருந்து சாயங்காலம்தானே வரும். மதியத்துக்குள் ஏற்றிவிடலாம் என்பது கணக்கு. காலை வெயில் ஜன்னலில் ஏறியபோது கடைசித் தொங்கலையும் கழுவி விரிப்பில் வைத்துவிட்டோம். சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இந்த முதலாளிக்கு ஒரு குண்டு பல்பு மாட்டத் தோணலையே அக்கா!”

“மாட்டியிருந்தா உனக்கு எங்கடி வேலை?”

அப்போது சாலை வளைவில் ஹாரன் அடித்தது.

பேருந்து ஏன் அந்த நேரத்தில் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. புயலுக்குப் பின் கடல் ஏறி, பாறை அரண்மனைக்குப் போகிற பாதையை மூடிவிட்டது. அதனால் முதலில் குன்றுக்குப் போய்ப் படி ஏறி இறங்கிவிட்டு, நேராக எங்களிடம் வந்துவிட்டார்கள். ஆனால் ஹாரன் காதில் விழுந்த அந்த நொடியில் நாங்கள் யாரும் எதையும் யோசிக்கவில்லை. நான் வாளிகளைத் தூக்கினேன். அம்மா விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தாள். சித்தி மற்ற இரண்டு முனைகளைப் பிடித்தாள். ஒரே தூக்கு. சலசலவென்று ஆற்றுக்கூழாங்கல் கொட்டினாற்போல ஒரு சத்தம். மூட்டையோடு சந்துக்குள் ஓடிக் கதவைச் சாத்தியும்விட்டோம்.

இருட்டில் மூன்று பேரும் மூச்சு வாங்கினோம். பிறகுதான் அம்மா மூட்டையைப் பார்த்தாள்.

“அடிப்பாவி” என்றாள். சித்தியைச் சொன்னாளா, தன்னையே சொன்னாளா தெரியவில்லை.

மூட்டையை மெல்லக் கீழே வைத்து அவிழ்த்தோம். விரிப்பு தடிப்பானது, நல்லவேளையாக எதுவும் உடைந்திருக்கவில்லை. ஆனால் இலையும் துளியும் நட்சத்திரமும் ஒரே குவியலாகக் கிடந்தன. காலையிலிருந்து குனிந்து அடுக்கிய வரிசையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நடனக்கூடத்தில் காலடிகள் கேட்டன. கதவு விளிம்பிலுள்ள கீற்று வழியாகப் பார்த்தேன். கூடத்தின் நடுவே, ஒரு தொங்கலும் இல்லாமல், மீன் முள் மாதிரி வெறும் பித்தளைக் கம்பிகளோடு சரவிளக்கு முழங்கால் உயரத்தில் நின்றது. அதைத் தூக்கி எந்தச் சுவருக்குள் ஒளிக்க முடியும்? பயணிகள் அதைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மேலாளர் முகம் வெளுத்து நின்றார். வானொலி முதல் தடவையாக நின்றுபோயிருந்தது. கூட்டத்தில், கையில் குடையோடு, உயரமாக ஒரு பெண். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

“இது என்ன?” என்று அந்த அதிகாரி கேட்டார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “அது வந்து மேடம், வெளியூர் ஆளுங்க ரெண்டு பேர்கிட்ட வேலையைக் குடுத்தோம். பாதியில விட்டுட்டுப் போயிட்டானுங்க. நம்பி எதையும் குடுக்க முடியல பாருங்க.”

அதே நேரம் கூரை ஓட்டையிலிருந்து ஒரு குரல் இறங்கியது.

“அக்கா! ஏத்தட்டுமா, வேணாமா? எனக்குப் பசி வயித்தக் கிள்ளுது!”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலாளரும் பார்த்தார், தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதது போல.

“யாரது?” என்றார் அதிகாரி.

“காத்து மேடம். பழைய வீடு. காத்து அடிச்சா இப்படித்தான்.”

“காத்துக்குப் பசிக்குமா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. குடையின் நுனியால் வெறும் கம்பி ஒன்றை மெல்லத் தொட்டார். “இவ்வளவு பெரிய வீடு. பாத்துக்க ஓர் ஆள்கூட இல்லையா?”

சந்துக்குள் அம்மா நிமிர்ந்தாள்.

அம்மாவை எனக்குத் தெரியும். பசி, சளி, முதுகுவலி எதையும் தாங்குவாள். வேலை போகும் என்றால்கூட ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாள் எழுந்துவிடுவாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. ஈரமான மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் விழுந்த முடியைக்கூட ஒதுக்கவில்லை. கதவைத் திறந்தாள்.

வெளியே நின்றவர்களுக்குச் சுவர் திறந்து ஒரு பெண் வந்தது போலத்தான் இருந்திருக்கும். ஒரு குழந்தை வீறிட்டது.

“ஆள் இருக்கு” என்றாள் அம்மா. “வெளியூர் ஆளெல்லாம் இல்ல. நாங்கதான். மேல பசிக்குதுன்னு கத்தறது என் தம்பி. உப்பு படிஞ்சிருந்துது, இறக்கினோம். உங்க பஸ் வந்த அவசரத்துல மூட்டை கட்டிட்டோம். எல்லாம் கலந்துபோச்சு. தப்பு எங்களுதுதான். ஆனா பாத்துக்க ஆள் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. கூடத்துல எந்த மூலையில வேணா விரல வச்சுத் தேய்ச்சுப் பாருங்க.”

அதிகாரி உண்மையிலேயே குனிந்து சுவரோரத்து மரச்சட்டத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரலைத் திருப்பியும் பார்த்தார். துளித் தூசி இல்லை.

“வாடி” என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். சித்தி மூட்டையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கதவு வரைக்கும் வந்து நின்றுகொண்டேன்.

அம்மா கூடத்தின் நடுவில் உட்கார்ந்து குவியலிலிருந்து ஒரு தொங்கலை எடுத்தாள். அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. விளக்கைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள். சுற்றிலும் அத்தனை பேர் நிற்க, அவள் அப்படி விழித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது ஒரு கிழவர், பயணிகளில் ஒருவர், மேலாளரைக் கேட்டார்: “தம்பி, தரையில உக்காரலாமா? தரைக்குக் கயிறு கட்டலையே?”

“தாராளமா உக்காருங்க தாத்தா” என்று சித்திதான் பதில் சொன்னாள்.

குன்றின் படிகள் அவரை அவ்வளவு படுத்தியிருந்தன. முனகிக்கொண்டே உட்கார்ந்து காலை நீட்டினார். அவர் உட்கார்ந்ததும் இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களின் கை சும்மா இருக்குமா? கிழவர் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எதிர்ச் சுவரில் வானவில் மாதிரி ஒரு துண்டு ஆடியது. அவ்வளவுதான், எல்லோருடைய கையும் நீண்டுவிட்டது.

“கை சுத்தமா இருக்கா?” என்றாள் அம்மா.

சித்தி துணிகளை நீட்டினாள். பெரியவர்கள் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கை துடைத்தார்கள்.

முதலில் வகை பிரித்தோம். இலை ஒரு பக்கம், துளி ஒரு பக்கம், நட்சத்திரம் ஒரு பக்கம். பிறகு பெரிது, சிறிது. ஆனால் எந்த வளையத்தில் எது? அங்கேதான் மறுபடி நின்றோம். அப்போது எனக்கு வாசல் மேசை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகள் இருந்தன, நடனக்கூடத்துச் சரவிளக்கு, கீழிருந்து எடுத்த படம். யாரும் வாங்கியதே இல்லை. நான் ஓடிப்போய்ப் பெட்டியோடு எடுத்துவந்து சித்தியின் கையில் கொடுத்தேன்.

“இந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு” என்று சித்தி சீட்டுக்கட்டு மாதிரி விநியோகித்தாள். “வானொ… சார், நீங்களும் ஒண்ணு புடிங்க.”

மேலாளர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பட்டுக்கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்து, “வெளி வளையம் இலை, ரெண்டாவது துளி, அப்புறம் மறுபடி இலை” என்று படத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். முதன்முறையாக அவர் சொல்வதை எல்லோரும் கேட்டார்கள்.

ஓர் அம்மாள் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நட்சத்திரம் மாட்டினார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒரே வளையத்துக்கு இரண்டு பக்கமும் இருந்து மாட்டிக்கொண்டு வந்து நடுவில் கை இடித்துக்கொண்டது. வீறிட்ட குழந்தை எங்கள் அம்மாவின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தொங்கலாக எடுத்துக் கொடுத்தது. குடையை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, அதிகாரியும் மண்டியிட்டிருந்தார். ஒரு தொங்கலை மாட்டப்போன அவர் கையை அம்மா பிடித்து நிறுத்தினாள்.

“கொக்கிய உள்பக்கமா திருப்புங்க. வெளிப்பக்கமா இருந்தா ஆடும்போது கழண்டுரும்.”

“இப்படியா?”

“அப்படித்தான்.”

வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். யாரும் எழவில்லை. இன்னொரு தடவை அடித்தார். பிறகு அவரே உள்ளே வந்தார், என்ன நடக்கிறது என்று. அவரையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

படத்தில் தெரியாத பின்பக்கத்தை ஊகத்தில் மாட்டினோம். மாட்டி முடித்தபோது எல்லோருடைய முட்டியும் சிவந்திருந்தது. அம்மா கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“டேய், ஏத்துடா!”

“இப்பவாவது ஞாபகம் வந்துதே” என்றது கூரை.

உருளை முனகியது. விளக்கு தரையை விட்டு எழும்பியது. தொங்கல்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசி ஒரு சத்தம் வந்தது, மூட்டைக்குள் கேட்ட சத்தம் இல்லை, வேறு மாதிரி. எல்லோரும் தலையை நிமிர்த்திக்கொண்டே வந்தார்கள். கழுத்து அளவு, தலை அளவு, பிறகு எட்டாத உயரம். மேலே போய் நின்றதும் கடல்பக்கத்து வெயில் அதில் விழுந்தது. சுவர், தரை, மேலாளரின் வழுக்கை, அம்மாவின் ஈர மேலங்கி, எல்லா இடத்திலும் வானவில் துண்டுகள் நடுங்கின.

ஒருவரும் கைதட்டவில்லை. தங்கள் கையால் மாட்டிய தொங்கல் எது என்று ஒவ்வொருவரும் மேலே தேடிக்கொண்டிருந்தார்கள்.

“அதோ, அது என்னுது” என்றார் கிழவர்.

கிளம்பும்போது அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

“அடுத்த தடவை எப்ப இறக்குவீங்க?”

“உப்பு படிஞ்சா இறக்குவோம்.”

“முன்னாடியே சொல்லுங்க. அன்னைக்கு முதல்ல இங்கதான் பஸ் வரும்.”

மேலாளரின் முகம் மலர்ந்தது. மாதம் ஒரு முறை, வாரம் ஒரு முறைகூட இறக்கலாம் மேடம் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அம்மா சொன்னாள்:

“பஸ்ஸுக்காக இறக்க மாட்டேங்க. விளக்குக்குத் தேவைன்னாத்தான் இறக்குவேன். மத்த நாள்ல வந்தா வேற வேலை நடக்கும், அதப் பாருங்க. இந்த வீட்ல வேலைக்குப் பஞ்சமே இல்ல.”

அதிகாரி அம்மாவை ஒரு கணம் பார்த்தார். “சரி, அப்ப பஸ் தினமும் வரட்டும்” என்றார்.

பேருந்து போனபிறகு மாமா பரணிலிருந்து இறங்கி வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. விளக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்பக்கத்தில் நின்று, கண்ணைச் சுருக்கினார்.

“அக்கா, துளி வரிசையில ஒரு நட்சத்திரம் தொங்குது. இறக்கட்டுமா?”

அம்மாவும் பார்த்தாள். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“வேணாம். அந்தத் தாத்தா திரும்ப வந்தாருன்னா தேடுவாரு.”

மறுநாள் காலையில் நாங்கள் பளிங்குத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சாலை வளைவில் ஹாரன் அடித்தது. கடல் இன்னும் வடியவில்லை, பேருந்து இன்றும் சீக்கிரமே வந்துவிட்டது. சித்தியின் கை தானாக வாளிக்குப் போனது.

“விடுடி, இருக்கட்டும்” என்றாள் அம்மா.

சித்தி கையை எடுத்தாள். அம்மா துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டு, மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, கூடத்தின் நடுவில் சரவிளக்குக்குக் கீழே நின்றாள். நான் சந்துக்குள்தான் நின்றேன். கதவை மட்டும் சாத்தவில்லை.